எஃகு வடத்தில் தொங்கும் பெட்டிகள் அன்றாடப் போக்குவரத்தாகுமா?

நெடுவழி எழுதியது:

ரோப்வேயை நகரப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னவுடன், அது சுற்றுலா வருவோருக்கான வேடிக்கை என்று ஒரு தரப்பும், எல்லா நெரிசலுக்கும் அதுவே தீர்வு என்று மற்றொரு தரப்பும் பேசத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு தரப்புக்கும் சான்றுகள் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004இல் தன் மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றிலிருந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு வடத்தின் வழியே பெட்டிகளை ஓட்டத் தொடங்கியது. வேலைக்கும் பள்ளிக்கும் செல்பவர்களே அதன் முதன்மைப் பயணிகள். பொலிவியாவில் லா பாஸ், எல் ஆல்டோ ஆகிய அடுத்தடுத்த நகரங்களுக்கிடையே 2014இல் முதல் தடம் திறக்கப்பட்டது. இன்று அது 10 தடங்களும் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட வலையமைப்பாக வளர்ந்திருக்கிறது. மாறாக, 2012இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் திறக்கப்பட்ட தடத்தை அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. ரியோ டி ஜெனிரோவின் அலெமாவ் குன்றுகளின் மேல் 2011இல் தொடங்கிய சேவை 2016இல் நின்றுபோனது.

ஏறக்குறைய ஒரே வகையான பொறி ஓரிடத்தில் நகரத்தின் உயிர்நாடியாகவும் மற்றோரிடத்தில் பயனற்ற கட்டுமானமாகவும் ஆவதற்கு எது காரணம்? நிலத்தின் அமைப்பா, பயணிகளின் எண்ணிக்கையா, கட்டண முறையா, பராமரிப்புக்கான பணமா? இத்துறையில் பணியாற்றுபவர்களும் இத்தகைய சேவையை நம்பி வாழ்பவர்களும் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


வடப்பணியாளர் எழுதியது:

நான் பல ஆண்டுகளாக ரோப்வே பராமரிப்புப் பணியில் இருப்பவன். ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் அடிப்படையில் வேறுபட்ட மூன்று அமைப்புகள் இதில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதி விவாதங்கள் திசை மாறிப்போகின்றன.

முதலாவது, இரண்டு பெரிய பெட்டிகள் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் எதிர்நடை அமைப்பு. பெட்டிகள் தடித்த தாங்கு வடங்களின் மேல் உருண்டு செல்லும். தனியான இழுவை வடம் அவற்றை இழுக்கும். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணை செய்வதால் மின்சாரம் குறைவாகவே செலவாகும். ஆனால் தடம் நீளும்போது ஒரு முறை சென்று வரும் நேரமும் நீள்கிறது; அதே விகிதத்தில் ஒரு மணி நேரத்தில் ஏற்றிச் செல்லக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைகிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தடத்தில் 78 பேர் நிற்கக்கூடிய இரண்டு பெட்டிகள் ஓடுகின்றன. 6 நிமிடங்களுக்கு ஒரு முறை புறப்பட்டால் ஒரு திசையில் மணிக்கு 780 பேர்தான் செல்ல முடியும். குன்றின் மேல் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அது போதுமானது; ஒரு நகரப் பகுதி முழுவதற்கும் போதாது.

இரண்டாவது, மெடெயினிலும் லா பாஸிலும் உள்ள சுற்றோட்ட அமைப்பு. இதில் ஒரே வடம்தான் பெட்டியைத் தாங்குகிறது, இழுக்கவும் செய்கிறது. அது நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். நிலையத்துக்குள் நுழைந்தவுடன் பெட்டியின் கவ்வி வடத்தை விடுவித்துவிடும். பெட்டி தனித் தண்டவாளத்தில் மிக மெதுவாக நகரும். பயணிகள் ஏறி இறங்கியபின் சக்கரங்கள் அதை மீண்டும் வடத்தின் வேகத்துக்குக் கொண்டுவர, கவ்வி மறுபடியும் பற்றிக்கொள்ளும். நிலையத்தில் ஏறுபவர்களுக்காக வடத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த அமைப்பை நகரத்துக்கு ஏற்றதாக்கிய திருப்பம்.

மூன்றாவது, இரண்டு தாங்கு வடங்களும் ஓர் இழுவை வடமும் கொண்ட முவ்வட அமைப்பு. இதிலும் பெட்டிகள் வட்டமாகச் சுற்றிவரும். ஒவ்வொன்றிலும் முப்பதுக்கு மேற்பட்டோர் செல்லலாம். கோபுரங்களுக்கிடையே மிக நீண்ட தூரம் விடலாம்: கனடாவின் விஸ்லரில் 2008இல் கட்டப்பட்ட தடத்தில் ஒரு பகுதி 3 கிலோமீட்டருக்கு இடையில் எந்தத் தாங்கலும் இல்லாமல் செல்கிறது. காற்றையும் இது நன்றாகத் தாங்கும். விலையும் அதற்கேற்ப மிக உயர்ந்தது.


எண்கணக்கு எழுதியது:

வடப்பணியாளர் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. சுற்றோட்ட அமைப்பின் கொள்ளளவை எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம் என்பதால் அதைச் சொல்கிறேன்.

பெட்டிக்கு 10 பேர், 12 வினாடிக்கு ஒரு பெட்டி என்று கொண்டால் மணிக்கு 300 பெட்டிகள், ஒரு திசையில் 3,000 பேர். வடம் வினாடிக்கு 5 மீட்டர் ஓடினால் பெட்டிகளுக்கிடையே 60 மீட்டர் இருக்கும். தடம் 2 கிலோமீட்டரானாலும் 5 கிலோமீட்டரானாலும் இந்த 3,000 மாறுவதில்லை. கூடுதலாகப் பெட்டிகள் வாங்க வேண்டியிருக்கும், பயண நேரம் கூடும், அவ்வளவுதான். 60 பேர் செல்லும் பேருந்துகளைக் கொண்டு இதே எண்ணிக்கையை எட்ட வேண்டுமானால் மணிக்கு 50 பேருந்துகள், அதாவது 72 வினாடிக்கு ஒன்று ஓட வேண்டும். குறுகலும் வளைவுமான மலைத்தெருவில் அது நடக்காது. அகலமான சமவெளிச் சாலையில் தனித்தடம் ஒதுக்கினால் எளிதாக நடக்கும். ஆகவே பேருந்தோடு ஒப்பிடும்போது விடை பொறியில் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

மெட்ரோ ரயிலோடு இதை ஒப்பிடுவது பொருத்தமற்றது. ஒரு நல்ல மெட்ரோ தடம் ஒரு திசையில் மணிக்கு 30,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும். வடப்பெட்டி அதற்கு மாற்று ஆகாது. அதன் நிலையத்துக்கு மக்களைக் கொண்டுவந்து சேர்க்கும் கிளையாக மட்டுமே இருக்க முடியும்.

அந்தக் கிளைப் பணியிலும் ஒரு நுட்பமான இடர்ப்பாடு உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ரயில் மக்களை அலை அலையாக இறக்கிவிடுகிறது. வடமோ சீரான ஒழுக்காகத்தான் எடுத்துச் செல்லும். ஒரு ரயிலிலிருந்து 500 பேர் இறங்கி வடநிலையத்துக்கு நடந்தால், மணிக்கு 3,000 பேர் என்ற கணக்கில் கடைசி ஆள் ஏற 10 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டால் வரிசை கரையவே கரையாது. பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரம் 12 வினாடிதான் என்று விளம்பரம் செய்வது நெரிசல் இல்லாத வேளைக்கு மட்டுமே பொருந்தும். எனவே வரிசை நிற்பதற்கான நிழலும் இடமும் நிலைய வரைபடத்தில் முதலிலேயே இருக்க வேண்டும்.


மலைச்சரிவு எழுதியது:

எண்கணக்கு அவர்களின் கணக்கு சரியானது. ஆயினும் சரிவில் குடியிருப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் எண்ணிக்கையைவிட நேரமே பெரிது. செங்குத்தான குன்றில் கீழே தெரியும் சாலை நேர்கோட்டில் அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். நடந்தால் நூற்றுக்கணக்கான படிகள், வண்டியில் போனால் பல கிலோமீட்டர் வளைவுகள். மெடெயினின் முதல் தடம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்தில் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறுகிறது. அந்த உயரத்தை அன்றாடம் இருமுறை கால்களால் கடந்தவர்களுக்குப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்கள் எதை விடுவித்தன என்பதை எந்தக் கொள்ளளவு அட்டவணையும் காட்டாது. முதியவர்களும் கைக்குழந்தையோடு செல்பவர்களும் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாமல் இருப்பது ஒரு நகரத்துக்குச் சிறிய பயன் அல்ல.

அந்த நகரம் வடத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலையங்களைச் சுற்றிப் பள்ளிகள், நூலகம், நடைபாதைகள், விளக்குகள், பொதுவெளிகள் எல்லாம் அதே காலத்தில் வந்தன. இந்த மாற்றம் நடந்த பகுதிகளையும் அவற்றை ஒத்த மற்றப் பகுதிகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றம் பெற்ற பகுதிகளில் கொலைகளின் வீழ்ச்சி 66 விழுக்காடு அதிகமாக இருந்ததாகக் கண்டது. இந்த எண்ணை மேற்கோள் காட்டும் பலர் அதை முழுக்க வடத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது அநியாயம். வடமும் சுற்றுப்புற மேம்பாடும் சேர்ந்தே அங்கு வந்தன; எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்தெடுக்க அந்த எண்ணால் முடியாது.


தயக்கம் எழுதியது:

இதுவரை யாரும் பாதுகாப்பைத் தொடவில்லை. ஒரு பேருந்து பழுதடைந்தால் இறங்கி நடந்துவிடலாம். 50 மீட்டர் உயரத்தில் பெட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? இத்தாலியின் மொட்டரோனே மலையில் 2021இல் பெட்டி விழுந்து 14 பேர் இறந்த செய்தியைப் படித்த பிறகு, இதை ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் நம்பி ஏறும் சேவையாக்குவதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.


வடப்பணியாளர் எழுதியது:

தயக்கம் அவர்களின் கேள்வி நியாயமானது. மழுப்ப இடமில்லாத கேள்வி. மொட்டரோனேயில் நடந்ததை எங்கள் துறையில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அது எதிர்நடை அமைப்பு. மேல் நிலையத்தை நெருங்கும்போது இழுவை வடம் அறுந்தது. அப்படி அறுந்தால் பெட்டியில் உள்ள அவசரத் தடை (பிரேக்) தானாகவே தாங்கு வடத்தைக் கவ்விப் பெட்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த ஏற்பாடு அதற்காகவே இருக்கிறது. ஆனால் தடை அடிக்கடி தேவையின்றி விழுந்து சேவையை நிறுத்தியதால், அது இயங்காதபடி இரும்புக் கவைகளைப் பொருத்தி ஓட்டியிருந்தார்கள். பெட்டி பின்னோக்கி ஓடி, கோபுரத்தருகே வடத்தை விட்டு விலகி விழுந்தது. பெட்டியிலிருந்த 15 பேரில் ஒரு சிறுவன் மட்டுமே பிழைத்தான். இதில் வடம் அறுந்தது ஒரு பிழை; காக்க வேண்டிய தடையை மனிதக் கை முடக்கியது அதைவிடப் பெரிய பிழை. சேவை நிற்கக்கூடாது என்ற அழுத்தம் பராமரிப்பவரின் கையில் எதையெல்லாம் செய்ய வைக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அன்றாடப் போக்குவரத்தில் அந்த அழுத்தம் சுற்றுலாத் தலத்தைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே வடத்தை நிறுத்தும் அதிகாரம் வருவாய்க்குப் பொறுப்பானவரிடம் இருக்கவே கூடாது.

சுற்றோட்ட அமைப்பில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கவ்வி சுருள்வில்லின் விசையால் தானே மூடிக்கொண்டிருக்கும். திறப்பதற்குத்தான் நிலையத்தின் தண்டவாளம் வெளியிலிருந்து அழுத்தம் தருகிறது. நிலையத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பெட்டியின் பிடியும் சோதிக்கப்பட்டு, சரியாகப் பற்றவில்லையென்றால் வடம் உடனே நிற்கும். கோபுர உருளைகளிலிருந்து வடம் நழுவினால் அதை உணர்ந்து நிறுத்தும் கருவிகளும் உண்டு. எஃகு வடத்தின் உட்புறக் கம்பிகளில் முறிவு இருக்கிறதா என்று காந்தப்புலத்தின் உதவியால் ஆராயும் முறை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத முறிவைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

பெட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதன்மை மோட்டாருக்கு மின்சாரம் இல்லையென்றால் டீசல் எந்திரம் வடத்தை மெதுவாகச் சுற்றி எல்லாப் பெட்டிகளையும் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். வடமே சுற்ற முடியாதபோதுதான் கயிற்றில் ஆட்களை இறக்கும் வேலை வரும். நியூயார்க்கின் ரூசவெல்ட் தீவுத் தடத்தில் 2006 ஏப்ரலில் முதன்மை மின்வழியும் மாற்று ஏற்பாடும் சேர்ந்து செயலிழந்ததால் 69 பேர் பல மணி நேரம் ஆற்றின் மேல் தவித்தார்கள். 2010இல் அந்தத் தடம் புதுப்பிக்கப்பட்டபோது இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஓடும்படி மாற்றப்பட்டன. துருக்கியின் அந்தால்யாவில் 2024 ஏப்ரலில் கோபுரத்தின் ஒரு பகுதி சாய்ந்து பெட்டி மோதியதில் ஒருவர் இறந்தார். மற்றப் பெட்டிகளில் சிக்கிய 174 பேரையும் மீட்டு முடிக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆனது. ஆற்றின் மேலும் நெருக்கமான வீடுகளின் மேலும் செல்லும் தடத்தில் கயிற்று மீட்பு இன்னும் கடினம். எனவே நகரத் தடத்தை வடிவமைக்கும்போது, எந்தப் பழுது நேர்ந்தாலும் பெட்டியை நிலையத்துக்கே ஓட்டிவருவதற்கு இரட்டை ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


தயக்கம் எழுதியது:

விரிவான பதிலுக்கு நன்றி, ஐயா. அச்சம் முழுவதும் நீங்கவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகியிருக்கிறது. தடையை முடக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.


வரவுசெலவு எழுதியது:

நான் மாற்றுக் கருத்தோடு வருகிறேன். ரியோவின் அலெமாவ் தடத்தை எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறீர்கள். அது மோசமான இடத்தில் கட்டப்பட்ட தடம் அல்ல. 3.5 கிலோமீட்டர் நீளம், 6 நிலையங்கள், கீழ்முனையில் புறநகர் ரயிலோடு இணைப்பு, நெருக்கமான குன்றுக் குடியிருப்புகள் என்று நீங்கள் சொன்ன தகுதிகளில் பெரும்பாலானவை அதற்கு இருந்தன. அப்படியிருந்தும் 2016இல் நின்றது. மாநில அரசு கடும் நிதி நெருக்கடியில் சிக்கி, இயக்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க முடியாமல் போனது அதற்கு முதன்மையான காரணம். நிலம் ஏற்றதாக இருந்தால் போதும் என்ற முடிவை இந்த ஒரு எடுத்துக்காட்டே கலைத்துவிடுகிறது.

ஒரு சாலையை ஐந்து ஆண்டுகள் கவனிக்காவிட்டால் அது குண்டும் குழியுமாக, மோசமாகவேனும் பயன்படும். வடத்தை ஓர் ஆண்டு கவனிக்காவிட்டால் அதை நிறுத்தத்தான் வேண்டும். இடைப்பட்ட நிலை என்று ஒன்று இல்லை. உதிரிப் பாகங்களுக்குப் பெரும்பாலும் கட்டிக்கொடுத்த நிறுவனத்தையே நாட வேண்டும். உலக அளவில் இத்தொழிலில் பெரும்பங்கு டொப்பல்மாயர், லைட்னர், போமா போன்ற மிகச் சில நிறுவனங்களிடம் இருக்கிறது. அதிலும் லைட்னரும் போமாவும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ஒரு நிறுவனத்தின் கவ்வியை மற்றொன்றின் தடத்தில் போட முடியாது. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் இருபதாம் ஆண்டின் பராமரிப்புக்கும் ஒதுக்குமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கட்டுமானச் செலவும் குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. போர்ட்லண்டில் தொடக்க மதிப்பீடு சுமார் 1.5 கோடி டாலர், முடிவில் 5.7 கோடி டாலரானது. சுரங்கம் தோண்டுவதைவிட மலிவு என்பது உண்மைதான். அதற்காக எந்த விலையும் மலிவாகிவிடாது.


மலைச்சரிவு எழுதியது:

வரவுசெலவு அவர்கள் சொல்வதன் முதற்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நிதி நெருக்கடியில் சேவை நின்றது பொறியின் குறையா, பொறுப்பைத் துறந்த நிர்வாகத்தின் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெடெயினில் வடத்தடம் மெட்ரோ நிறுவனத்தின் ஓர் உறுப்பு. ரயிலை இயக்கும் அதே அமைப்பு வடத்தையும் இயக்குகிறது, அதே பயணச்சீட்டில் மாறிச் செல்லலாம். வடத்தை நிறுத்துவது அங்கு மெட்ரோவின் ஒரு பகுதியை நிறுத்துவதற்கு ஒப்பாகும். ரியோவில் சேவை நின்றபோது வடத்தை இயக்கியது ரயிலை இயக்காத தனி நிறுவனம். தனித்து நின்றதை வெட்டிவிடுவது எளிதாயிற்று.

பணத்தைத் தாண்டிய ஒரு குறையும் அங்கு இருந்தது. குன்றுகளின் உச்சிகளில் நிலையங்களை வைத்தார்கள். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையில் குடியிருப்பவர்கள் நிலையத்துக்குப் போக மறுபடியும் ஏற வேண்டியிருந்தது. கழிவுநீர், குடிநீர் வசதிகளுக்கே முதலில் செலவிட வேண்டும் என்று அங்குள்ள மக்கள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. நிலையம் எங்கே வர வேண்டும் என்று அங்கே படி ஏறுபவர்களைக் கேட்காமல் வானிலிருந்து எடுத்த படத்தில் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும்.


எண்கணக்கு எழுதியது:

கட்டணத்தைப் பற்றி மலைச்சரிவு அவர்கள் எழுதியதற்கு லண்டன் ஒரு மறுபக்கச் சான்று. அங்கே வடத்தடம் சுமார் 1.1 கிலோமீட்டர், கொள்ளளவு ஒரு திசையில் மணிக்கு 2,500 பேர். பொறியில் குறையில்லை. ஆனால் நகரப் போக்குவரத்துக்கான வழக்கமான பயண அட்டை அங்கே முழுமையாகச் செல்லாது, கட்டணம் தனி. அதைவிட முக்கியமாக, அருகிலேயே ஆற்றுக்கு அடியில் ஜூபிலி ரயில் தடம் ஒரே நிறுத்தத்தில் அக்கரை சேர்த்துவிடுகிறது. ஏற்கெனவே ரயில் கடக்கும் ஆற்றை மேலே மறுபடியும் கடப்பதற்கு வேலைக்குச் செல்பவருக்கு என்ன தேவை இருக்கும்?

இதோடு பிரான்சின் துலூஸ் நகரத்தை ஒப்பிடலாம். 2022இல் திறக்கப்பட்ட அத்தடம் 3 கிலோமீட்டர் நீளமுள்ள முவ்வட அமைப்பு. புற்றுநோய் மருத்துவ வளாகம், பொது மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் கரோன் ஆற்றையும் ஒரு குன்றையும் தாண்டி 10 நிமிடத்தில் இணைக்கிறது. நகரத்தின் பேருந்து, மெட்ரோ பயணச்சீட்டே அதிலும் செல்லும். நாள் முழுவதும் இரு திசைகளிலும் ஆட்கள் போய்வரும் மூன்று இடங்களை, வேறு நேர்வழி இல்லாத நிலத்தில் இணைத்தார்கள். நிலைய இடங்களைத் தேர்ந்தவர்களுக்கே இதில் முதற்பாராட்டு சேர வேண்டும்.


சக்கரநாற்காலி எழுதியது:

நான் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவன். படிக்கட்டுகள் நிறைந்த சரிவுப் பகுதிகளில் எனக்கு இருக்கும் ஒரே வழி வடப்பெட்டிதான் என்பதால் இதில் எனக்கு அக்கறை அதிகம். சுற்றோட்ட அமைப்பில் பெட்டியின் தரையும் நிலையத்தின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். இது பேருந்தில் கிடைக்காத வசதி. ஆனால் பெட்டி மெதுவாகவேனும் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஏறுவது எல்லோராலும் இயலாது. பணியாளர் வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். ஒரு நிலையத்தில் நிறுத்தினால் அந்தத் தடத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளும் நின்றுவிடுகின்றன. நெரிசல் நேரத்தில் உதவி கேட்கும்போது நூற்றுக்கணக்கானோரை நிறுத்திவைக்கிறோம் என்ற எண்ணம் வருகிறது. சில பணியாளர்களின் முகத்திலும் அது தெரிகிறது.

இதற்கு வடிவமைப்பில் தீர்வு இருக்கிறதா என்று வடப்பணியாளர் அவர்களிடம் கேட்க விரும்புகிறேன். வேண்டும்போது தயவு காட்டும் ஏற்பாட்டை நான் கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் நானே ஏறக்கூடிய ஏற்பாட்டைக் கேட்கிறேன்.


வடப்பணியாளர் எழுதியது:

தீர்வு இருக்கிறது, ஆனால் அதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். நிலையத்தின் உள்தண்டவாளத்தை நீளமாக்கினால் பெட்டி இன்னும் மெதுவாக, கதவு நீண்ட நேரம் திறந்தபடி நகரும். முவ்வட அமைப்பில் வடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை நிலையத்துக்குள் முழுமையாக நிறுத்தி, ஆட்கள் ஏறியபின் அனுப்பும்படியும் வடிவமைக்கலாம். இடத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்த நிலையத்தைக் குறுக்கினால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் உங்களைப் போன்றவர்களே. கட்டிமுடித்த நிலையத்தைப் பின்னால் நீட்டுவது ஏறக்குறைய முடியாத வேலை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றை வடத் தடங்களைப் பொதுவாகக் காற்று மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டரை எட்டும்போது நிறுத்திவிடுகிறோம். முவ்வட அமைப்பு 100 கிலோமீட்டர் வரை தாங்கக்கூடியது. இடிமின்னல் நெருங்கினாலும் பெட்டிகளைக் காலிசெய்து நிறுத்துவோம். திட்டமிடுபவர்கள் ஆண்டுச் சராசரிக் காற்றைப் பார்த்து நிறைவடைந்துவிடுகிறார்கள். சராசரி உதவாது. நெரிசல் நேரத்தில் எத்தனை நாட்கள் வரம்பைத் தாண்டிக் காற்று வீசும் என்பதைக் கோபுரம் வரப்போகும் அதே உயரத்தில் அளக்க வேண்டும்.


பழஞ்சுவடி எழுதியது:

வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் எஃகு வடத்துக்கு முன்னோடியான இரும்புக் கம்பி வடத்தை உருவாக்கிய பிறகுதான் இந்தத் தொழில் வளர்ந்தது. நெடுங்காலம் இது ஆட்களுக்கானதாக இல்லை. தாதுவுக்கும் நிலக்கரிக்கும் மரத்துக்கும் உரியதாக இருந்தது. சுவீடனில் கிறிஸ்டினபெரி சுரங்கத்திலிருந்து பூலீடன் வரை 1943இல் முடிக்கப்பட்ட தடம் 96 கிலோமீட்டர் நீளமுடையது. சாலை அமைக்க எரிபொருளும் பொருளும் அரிதாக இருந்த போர்க்காலத்தில் அது கட்டப்பட்டு, 1987 வரை இயங்கியது.

ஆட்களை ஏற்றத் துணிந்தவர்களில் ஸ்பெயினின் லியொனார்டோ டோரெஸ் கெவெடோ குறிப்பிடத்தக்கவர். 1907இல் சான் செபாஸ்டியனில் அவர் அமைத்த தடத்தில் பெட்டியைப் பல வடங்கள் தாங்கின. ஒவ்வொரு வடத்தின் மறுமுனையிலும் எதிர் எடை தொங்கியது. அதனால் வடத்தின் இழுவிசையை எதிர் எடையே தீர்மானித்தது. ஒரு வடம் அறுந்தாலும் மற்றவற்றின் மேல் சுமை திடீரென ஏறாது. தயக்கம் அவர்கள் இன்று கேட்ட கேள்வியை அவர் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கேட்டிருக்கிறார். அதே கொள்கையில் 1916இல் நயாகரா ஆற்றின் சுழல் மேல் அவர் அமைத்த தடம் இன்றும் ஓடுகிறது.


நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்விக்கு ஒற்றை விடையை எதிர்பார்த்திருந்தேன். நிலம், நிலையத்தின் இடம், ஒரே பயணச்சீட்டு, பராமரிப்புக்கான உறுதியான பணம் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வடப்பணியாளர் அவர்களிடம் இன்னும் ஒன்று: நாள்தோறும் ஏறக்குறைய 17 மணி நேரம் ஓடும் சேவையில் பராமரிப்பு எப்போது நடக்கிறது? திட்டத்தில் அதற்கு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?


வடப்பணியாளர் எழுதியது:

இரவு கிடைக்கும் ஆறேழு மணி நேரத்தில் கோபுர உருளைகள், தடைகள், நிலையத்தின் சக்கரங்கள் ஆகியவற்றைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். கவ்விகளைப் பெட்டியோடு பணிமனைக்கு எடுத்துச் சென்று முறைவைத்துச் சோதிப்போம். இதற்காகவே தேவைக்கு மேல் சில பெட்டிகள் வாங்கி வைத்திருக்க வேண்டும், அந்தச் செலவைக் குறைக்கும்படி வற்புறுத்துவார்கள், இணங்காதீர்கள்.

வடத்துக்கு இரவு போதாது. சுற்றோட்ட வடம் இரு முனைகளையும் புரி பிரித்துப் பின்னி இணைத்த வளையம். அந்த இணைப்பின் நீளம் வடத்தின் விட்டத்தைப்போல 1,200 மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை. 50 மில்லிமீட்டர் வடமென்றால் 60 மீட்டர். புதிய வடம் சுமையில் நீளும். வடத்தை விறைப்பாக வைத்திருக்கும் இழுவிசைச் சாதனம் அதன் எல்லைக்கு வந்துவிட்டால் ஒரு துண்டை வெட்டி மறுபடி பின்ன வேண்டும். பெரும்பாலும் இது முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே வரும். தேர்ந்த பின்னுநர்கள் உலகில் அதிகம் இல்லை. அவர்கள் வரும் நாளுக்கு நாம்தான் காத்திருக்க வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் சில நாட்கள் தடம் முழுவதும் நிற்கும் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே மக்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களுக்கான மாற்றுப் பேருந்துகளையும் அவை செல்லும் வழியையும் முதல் ஆண்டின் அட்டவணையிலேயே எழுதிவையுங்கள்.